வான்வழி கண்ட வனிதை ஏமி ஜான்சன்

ஓர் ஊருக்கும் மற்றோர் ஊருக்கும் இடையே உள்ள தொலைவைக் காலத்தால் அளப்பது தமிழர்க்குப் பழைய வழக்கம். அடுத்த ஊர் எவ்வளவு தூரம் என்று கேட்டால், இத்தனை நாழிகை வழி என்று விடை வரும். அந்த வழக்கம் இன்னும் நம்மை விட்டுப் போகவில்லை. தில்லிக்குப் படிக்க வந்திருக்கும் நம் சங்கத்து நண்பர்களை ஊர் எவ்வளவு தொலைவு என்று கேட்டுப் பாருங்கள். சென்னை ஏறத்தாழ 2180 கிலோமீட்டர் என்று எவரும் சொல்வதில்லை. இரண்டு இரவும் ஒரு பகலும் என்றுதான் சொல்வார்கள். கையில் பணம் உள்ளவர்கள், விமானத்தில் மூன்று மணி நேரம் என்பார்கள்.

நான் பௌதிகம் படிப்பவள். தொலைவைக் காலத்தால் வகுத்தால் வேகம் கிடைக்கும் என்பது சிறு வகுப்பிலேயே கற்ற பாடம். ஆனால் அப்படி வகுத்து வரும் எண்ணுக்குள்ளே என்னென்ன அடங்கிக் கிடக்கின்றன என்பதை எனக்கு உணர்த்தியது பாடநூலன்று. ஒரு பெண்ணின் வாழ்க்கை வரலாறு.

ஊருக்குப் போகும்போதும் வரும்போதும் நம் வண்டி ஜான்சியில் நிற்கும். வீராங்கனை லட்சுமிபாயின் பெயரை இன்று தாங்கி நிற்கும் நிலையம் அது. அங்கே வண்டி நின்றவுடன் ராணியின் நினைவு யாருக்கும் வரும். எனக்கோ, கூடவே மற்றொரு பெண்ணின் நினைவும் வருகிறது. 1930ஆம் ஆண்டு மே மாதக் கடும் வெயிலில், பெட்ரோல் தீர்ந்துபோய், இந்த ஜான்சியின் படைத்திடலில் சிறு விமானம் ஒன்றை இறக்கியவர் அவர். உடன் துணை யாரும் இல்லை. அப்போது அவருக்கு வயது இருபத்தாறு. அவர்தாம் ஏமி ஜான்சன்.

பிறப்பும் கல்வியும்

இங்கிலாந்தின் வடகிழக்கே ஹல் என்னும் துறைமுக நகர் இருக்கிறது. அங்கே மீன் வாணிகம் செய்துவந்த குடும்பம் ஒன்றில் 1903ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் முதல் நாள் ஏமி பிறந்தார். உடன் பிறந்தவர்கள் மூன்று தங்கைகள். ஷெஃபீல்டு பல்கலைக்கழகத்தில் பொருளாதாரம் பயின்று 1925இல் பட்டம் பெற்றார். பிறகு லண்டன் சென்று, வழக்கறிஞர் அலுவலகம் ஒன்றில் செயலாளர் வேலை பார்த்தார். மணத்தில் முடியும் என்று அவர் நம்பியிருந்த காதல் ஒன்று கைகூடாமல் போயிற்று. பட்டம் பெற்ற பெண், பிறர் சொல்லச் சொல்லத் தட்டெழுதிக் காலம் கழித்தார்.

1928இல் லண்டனின் ஸ்டாக் லேன் விமானத் திடலில் இருந்த விமானச் சங்கத்தில் ஏமி உறுப்பினரானார். வாரத்துக்குச் சில பவுன் சம்பளம் வாங்கியவருக்கு அது சிறு செலவன்று. பிறவியிலேயே பறக்கும் திறமை வாய்ந்தவர் அவர் என்று யாரும் எண்ண வேண்டா. மற்றவர்கள் பத்து மணி நேரப் பயிற்சியில் தனியே பறக்கத் தொடங்கினால், அவருக்கு ஏறத்தாழப் பதினாறு மணி நேரம் தேவைப்பட்டது. இறங்கும்போது அவர் தடுமாறுவார். அந்தத் தடுமாற்றம் கடைசிவரை அவரை முழுதும் விட்டதில்லை.

ஆனால் விமானம் ஓட்டும் கலையோடு அவர் நிற்கவில்லை. விமானக் கொட்டகையில் புகுந்து, எண்ணெய்க் கறை படிந்த மெக்கானிக்குகளோடு உட்கார்ந்து, எஞ்சினைக் கழற்றவும் பூட்டவும் கற்றார். அங்கே தலைமைப் பொறியாளராக இருந்த ஜாக் ஹம்ஃப்ரீஸ் அவருக்கு ஆசிரியரானார். பெண்ணுக்கு இங்கே என்ன வேலை என்று முகம் சுளித்தவர்களும் அக்காலத்தில் குறைவில்லை. 1929 டிசம்பரில் விமானத் தரைப்பொறியாளர் உரிமம் ஏமிக்குக் கிடைத்தது. பிரிட்டனில் அவ்வுரிமத்தைப் பெற்ற முதற்பெண் அவரே. பறக்கும் திறமையைக் காட்டிலும் இந்தத் திறமையே பின்னால் அவர் உயிரைக் காத்தது.

அளவுகோல் வைத்துக் கண்ட வழி

இங்கிலாந்திலிருந்து ஆஸ்திரேலியாவுக்கு விமானத்தில் போகலாம் என்பதை முதலில் மெய்ப்பித்தவர்கள் ராஸ் ஸ்மித், கீத் ஸ்மித் என்னும் சகோதரர்கள். 1919இல் இரண்டு மெக்கானிக்குகளையும் ஏற்றிக்கொண்டு 28 நாட்களில் அவர்கள் டார்வின் நகரை அடைந்தனர். 1928இல் பெர்ட் ஹிங்க்ளர் தனியாளாகப் பறந்து, அத்தொலைவைப் பதினைந்தரை நாட்களில் கடந்தார். அந்தப் பதினைந்தரை நாளைத் தாம் குறைத்துக் காட்ட வேண்டும் என்பது ஏமியின் ஆசை.

ஆசைக்கு என்ன தடை! அதுவரை அவர் தனியே பறந்த மிக நீண்ட பயணம், லண்டனிலிருந்து பிறந்த ஊரான ஹல் நகருக்குப் போனதுதான். அது 150 மைல்கூட இல்லை. இப்போது அவர் போக எண்ணியதோ 11,000 மைல். பல பெரிய மனிதர்களுக்குக் கடிதம் எழுதிப் பார்த்தார், பயனில்லை. இறுதியில் எண்ணெய் வணிகரான வேக்ஃபீல்டு பிரபு பாதிப் பணம் தந்தார். தந்தையார் மீதியைத் தந்தார். 600 பவுனுக்குப் பழைய ஜிப்ஸி மாத் விமானம் ஒன்றை வாங்கினார்கள். மரச்சட்டத்தின் மேல் துணி போர்த்திய விமானம் அது. எஞ்சின் 100 குதிரைத்திறன் உடையது. தந்தையாரின் மீன் வாணிகத்துக்கு முத்திரைப் பெயராக இருந்த ஜேசன் என்பதையே விமானத்துக்கும் சூட்டினார் ஏமி.

வழியைத் தேர்ந்த விதத்தையும் சொல்ல வேண்டும். அவருக்கு முன் போனவர்களின் சுற்றுவழியை விட்டுவிட்டு, படத்தின் மேல் அளவுகோலை வைத்து, கூடிய மட்டும் நேராகக் கோடு கிழித்தார். வியன்னா, கான்ஸ்டான்டினோபிள், அலெப்போ, பாக்தாத், பந்தர் அப்பாஸ், கராச்சி என்று அந்தக் கோடு வந்தது. இடையில் துருக்கியின் டாரஸ் மலைத்தொடர் குறுக்கிட்டது. அதையும் அவர் பொருட்படுத்தவில்லை.

பூமி உருண்டை, படமோ தட்டை. உருண்டையின் மேல் இரண்டு ஊர்களுக்கு இடையே மிகக் குறுகிய வழி, பூமியின் மையத்தை நடுவாகக் கொண்ட பெருவட்டத்தின் வில்லாகும். அந்த வில்லின் வழியே அளந்தால் லண்டனுக்கும் டார்வினுக்கும் இடையே ஏறத்தாழ 13,900 கிலோமீட்டர்தான். ஏமி பறந்ததோ ஏறத்தாழ 17,700 கிலோமீட்டர். எஞ்சிய 3800 கிலோமீட்டர் எதற்காக? பெட்ரோலுக்காக, இறங்க இடம் வேண்டும் என்பதற்காக. அவருடைய விமானத்தால் ஒரு வீச்சில் கடக்க முடிந்த தொலைவுக்கு ஓர் அளவு உண்டு. அந்த அளவுக்குள் பெட்ரோலும் திடலும் கிடைக்கும் ஊர்களைத்தான் அவர் ஒவ்வொன்றாகப் பற்றிக்கொண்டு போக வேண்டியிருந்தது.

பத்தொன்பதரை நாள்

1930 மே 5ஆம் நாள் காலை, லண்டனை அடுத்த குராய்டன் திடலிலிருந்து ஜேசன் கிளம்பியது. தந்தையாரும் நண்பர் சிலரும் வந்து வழியனுப்பினர். விமானத்தில் வானொலி இல்லை. மேலே கூரையும் இல்லை. மிகைத் தொட்டிகளில் இருந்த பெட்ரோலைக் கையாலேயே பம்பு அடித்து மேலே ஏற்ற வேண்டும். அதன் நெடியில் அவருக்குக் குமட்டிக்கொண்டு வந்தது. பத்து மணி நேரம் பறந்து வியன்னா சேர்ந்தார்.

அலெப்போவிலிருந்து பாக்தாத் போகும் வழியில் மணற்புயல் சூழ்ந்தது. கண் தெரியவில்லை, விமானம் பல நூறு அடி திடீரென்று கீழே சரிந்தது. எப்படியோ பாலைவனத்தில் இறங்கி, காற்று விமானத்தை உருட்டிவிடாதபடி சக்கரங்களுக்கு முன்னால் தம் பெட்டிகளை அடுக்கினார். எங்கோ நாய்கள் குரைத்தன. கையில் துப்பாக்கியைப் பிடித்தபடி, மணலில் உட்கார்ந்து, புயல் தணியக் காத்திருந்தார்.

ஆறாம் நாள் மே 10ஆம் தேதி கராச்சியை அடைந்தபோது, ஹிங்க்ளரைவிட இரண்டு நாள் முந்தியிருந்தார். அதுவரை பெயர் தெரியாதிருந்த தட்டெழுத்துப் பெண்ணைப் பற்றி உலகத்துப் பத்திரிகைகள் எல்லாம் அன்றுதான் எழுதத் தொடங்கின. அதே மே மாதத்தில் அதே வான்வழியில், இங்கிலாந்துக்கும் இந்தியாவுக்கும் இடையே தனியே பறக்கும் முதல் இந்தியருக்கான ஆகா கான் பரிசுக்காக ஆஸ்பி இஞ்சினியரும் ஜே.ஆர்.டி. டாடாவும் பறந்துகொண்டிருந்தனர் என்பது நாம் நினைத்து மகிழத்தக்கது.

கராச்சிக்குப் பிறகுதான் சோதனைகள் வரிசையாக வந்தன. அலகாபாத்தை நோக்கிப் பறந்தவர், எதிர்க்காற்றால் பெட்ரோல் தீர்ந்து ஜான்சியில் இறங்கினார். இறங்கிய இடம் படையினரின் அணிவகுப்புத் திடல். விமானம் நிற்காமல் ஓடிக் கட்டடங்களின் அருகே மோதியதில் இறக்கை சிதைந்தது. அங்கிருந்தோர் அதை விரைந்து சீர்செய்து கொடுத்தனர். மறுநாள் அலகாபாத்தில் பெட்ரோல் நிரப்பிக்கொண்டு கல்கத்தா சேர்ந்தார்.

கல்கத்தாவிலிருந்து இரங்கூன் போகும் வழியில் பருவமழை பிடித்துக்கொண்டது. மழை மறைப்பில் ஊர் அடையாளம் தெரியாமல், இரங்கூனை அடுத்த இன்சீனில் இருந்த கால்பந்துத் திடலில் இறங்கினார். விமானம் பள்ளத்தில் பாய்ந்தது. சுழல்விசிறி முறிந்தது, இறக்கை கிழிந்தது, சக்கரத் தாங்கி ஒடிந்தது. அந்தத் திடல் அரசினர் தொழிற்பள்ளியைச் சேர்ந்தது என்பதே அவர் செய்த நல்வினை! ஆசிரியர்களும் மாணவர்களும் ஓடி வந்தார்கள். பள்ளிப் பட்டறையில் முறிந்த உறுப்புகளைச் செய்தார்கள். இறக்கைக்குப் போர்த்த விமானத் துணிக்கு எங்கே போவது? போர்க்காலத்தில் மிஞ்சிய அத்தகைய துணியைச் சட்டைகளாகத் தைத்து வைத்திருந்தனர். அந்தச் சட்டைகளைத் தையல் பிரித்து இறக்கைக்குப் போர்த்தினார்கள். உடன் கட்டி எடுத்து வந்திருந்த மாற்று விசிறியை ஏமி பூட்டினார். மூன்று நாள் போயிற்று. ஹிங்க்ளரை வெல்லும் ஆசையும் அதோடு போயிற்று.

பாங்காக், சிங்கோரா, சிங்கப்பூர் எல்லாம் கடந்து சாவகத் தீவுக்கு வந்தார். அங்கே ஒரு சர்க்கரை ஆலையின் திடலில் நட்டிருந்த மூங்கில் முளைகள் இறக்கையைக் குத்திக் கிழித்தன. காயத்துக்கு ஒட்டும் பிளாஸ்திரியைக் கிழிசலில் ஒட்டிக்கொண்டு மறுபடியும் கிளம்பினார். தீமோர்த் தீவில் குறித்த இடத்துக்குப் போய்ச் சேராமல், ஒரு சிற்றூரின் அருகே எறும்புப் புற்றுகள் நிறைந்த வெளியில் இறங்கியபோது, அவர் எங்கே போனார் என்று தெரியாமல் உலகம் கலங்கியது. இறுதியாகத் தீமோர்க் கடலின் ஏறத்தாழ 500 மைலைக் கடந்து, மே 24ஆம் நாள் டார்வினில் இறங்கினார். குராய்டனை விட்டுப் பத்தொன்பதரை நாள் ஆகியிருந்தது. ஹிங்க்ளரின் கணக்கை அவர் வெல்லவில்லை. நான்கு நாள் பிந்திவிட்டார். ஆனாலும் இங்கிலாந்திலிருந்து ஆஸ்திரேலியாவுக்குத் தனியே பறந்த முதற்பெண் என்று உலகம் அவரைக் கொண்டாடியது.

ஒரு கணக்கு

நண்பர்களே, இங்கே ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்ப்போம். பத்தொன்பதரை நாள் என்பது 468 மணி. 17,700 கிலோமீட்டரை 468ஆல் வகுத்தால், மணிக்கு 38 கிலோமீட்டர் வருகிறது. நம்மைச் சென்னைக்குக் கொண்டு செல்லும் ரயில் சராசரி மணிக்கு 66 கிலோமீட்டர் போகிறது. உலகப் புகழ் பெற்ற அந்த விமானப் பயணம் நம் ரயிலைவிட மெதுவானது!

ஆனால் ஜேசன் வானில் இருந்தபோது மணிக்கு ஏறத்தாழ 137 கிலோமீட்டர் வேகத்தில் பறந்தது. அந்தக் கணக்குப்படி, அவர் வானில் இருந்தது ஏறத்தாழ 130 மணி. மீதி 340 மணி, அதாவது பதினான்கு நாட்கள், தரையில் கழிந்தன. உறக்கம், பெட்ரோல், எஞ்சினைத் துடைத்தல், இறக்கையைத் தைத்தல், மழை ஓயக் காத்திருத்தல் எல்லாம் அந்தப் பதினான்கு நாளில் அடங்கும். ஐந்தரை நாள் பறப்பதற்காகப் பதினான்கு நாள் தரையில் உழைத்தார்.

இதை நான் கணக்கிட்ட நாள் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. சென்ற ஆண்டு ஆய்வுக்கூடத்தில் என் சோதனைக்கு இன்றியமையாத வெற்றிடப் பம்பு பழுதாயிற்று. உதிரிப்பாகம் வரக் காத்திருந்ததில் ஒரு பருவம் முழுதும் போயிற்று. உடன் சேர்ந்தவர்கள் அளவீடுகளை முடித்துவிட்டார்கள். நான் மட்டும் கழற்றுவதும் பூட்டுவதுமாக இருந்தேன். ஊரிலிருந்து பேசும்போதெல்லாம், ஒரு பெண்ணை இத்தனை தூரம் அனுப்பியதற்கு இதுதானா பலன் என்ற கேள்வி அப்பாவின் குரலுக்குள் ஒளிந்திருப்பதாக எனக்குத் தோன்றும். அவர் வாய்விட்டு ஒருநாளும் கேட்டதில்லை. படிப்பை விட்டுவிட்டு ஊர்ப்பக்கம் ஏதேனும் வேலை தேடலாம் என்று விண்ணப்பம்கூட எழுதி வைத்திருந்தேன். அந்த வாரத்தில்தான் நூலகத்தில் ஏமியின் வரலாறு கையில் கிடைத்தது. இன்சீனில் அவர் இழந்த மூன்று நாளைப் பற்றிப் படித்தபோது, பம்பைக் கழற்றக் கற்ற மாதங்களை வீண் என்று எழுதிவிட எனக்கு மனம் வரவில்லை. விண்ணப்பத்தை அனுப்பவில்லை. இவ்வாண்டு அந்தப் பம்பு கெட்டால் யாரையும் எதிர்பாராமல் நானே திருத்திவிடுவேன். அந்த மட்டில் சொல்ல முடியும்.

புகழும் முடிவும்

டார்வினுக்குப் பின் ஏமிக்குப் புகழ் வந்தது, பட்டமும் வந்தது, பத்திரிகை ஒன்று 10,000 பவுன் பரிசளித்தது, அவர் பெயரில் பாட்டும் கட்டினார்கள். 1931இல் ஹம்ஃப்ரீஸோடு சேர்ந்து டோக்கியோவுக்குப் பறந்தார். 1932இல் ஜிம் மாலிசன் என்ற விமானியை மணந்தார். அதே ஆண்டு, லண்டனிலிருந்து கேப் டவுனுக்குப் பறந்து கணவர் முன்பு ஏற்படுத்திய கணக்கைத் தாமே முறியடித்தார். 1934இல் மெல்போர்ன் போட்டியில் இருவரும் கலந்துகொண்டு, ஏறத்தாழ 22 மணி நேரத்தில் கராச்சிக்கு வந்தனர். நான்கே ஆண்டுக்கு முன் அதே ஊருக்கு வர அவருக்கு ஆறு நாள் ஆயிற்று என்பதை எண்ணிப் பாருங்கள். ஆனால் எஞ்சின் பழுதுபட்டு அலகாபாத்தோடு அவர்கள் போட்டியிலிருந்து விலக நேர்ந்தது. அவ்வாண்டிலேயே ஜீன் பேட்டன் என்ற நியூசிலாந்துப் பெண் பதினைந்து நாளுக்குள் டார்வினை அடைந்து, ஏமியின் கணக்கையும் பின்தள்ளினார். 1935 முதல் 1937 வரை பெண் பொறியாளர் சங்கத்துக்கு ஏமி தலைவராக விளங்கினார். மணவாழ்க்கை நிலைக்கவில்லை, 1938இல் மணமுறிவு ஏற்பட்டது.

இரண்டாம் உலகப்போர் வந்தது. புதிய விமானங்களைத் தொழிற்சாலைகளிலிருந்து படைத் தளங்களுக்கு ஓட்டிச் சேர்க்கும் துணைப்பணியில் 1940இல் ஏமி சேர்ந்தார். 1941 ஜனவரி 5ஆம் நாள் பிளாக்பூலிலிருந்து ஆக்ஸ்ஃபோர்டின் அருகே உள்ள தளத்துக்கு ஒரு விமானத்தைக் கொண்டு போகக் கிளம்பினார். தொலைவு ஏறத்தாழ 250 கிலோமீட்டர். ஒன்றரை மணி நேரப் பயணம். அன்று வானிலை மிக மோசம். வழி தப்பி, பல மணி நேரம் சுற்றி, பிற்பகலில் தேம்ஸ் நதியின் கழிமுகத்துக்கு மேலே பாரசூட்டில் குதித்தார். கீழே குளிர்நீர். ஹேசில்மியர் என்ற கப்பலின் தலைவர் வால்டர் ஃப்ளெட்சர் அவரைக் காக்கக் கடலில் குதித்தார். குளிரில் விறைத்து அவரும் உயிர் துறந்தார். ஏமியின் உடல் கிடைக்கவேயில்லை. அவருக்கு அப்போது வயது முப்பத்தேழு.

பதினேழாயிரம் கிலோமீட்டரைக் கடந்தவர் இருநூற்றைம்பது கிலோமீட்டரைக் கடக்க முடியாமல் போனார். தொலைவு சிறியது என்பதால் வழி எளியதாகிவிடுவதில்லை.

2021 நவம்பரில் தொடங்கிச் சில மாத காலம், டார்வினில் கிளம்பி இடையில் எங்கும் இறங்காமல் லண்டன் சேரும் பயணிகள் விமானம் ஓடியது. ஏறத்தாழ 17 மணி நேரப் பயணம். பெருவட்டத்தின் வில்லை ஒட்டிப் பறக்கும் அவ்விமானத்தில் இருப்பவர்கள் ஜான்சியைக் காணமாட்டார்கள், இன்சீனைக் காணமாட்டார்கள். அவர்களை நான் குறை சொல்லவில்லை. எனக்கும் மூன்று மணி நேரத்தில் வீடு சேரும் ஆசை உண்டு. ஆனால் அந்தப் பதினேழு மணி நேரத்தின் அடியில், ஏமியின் பதினான்கு நாள் தரைவாசமும், ஹிங்க்ளர் பட்ட பாடும், தையல் பிரித்த சட்டைகளும் கிடக்கின்றன.

ஏமியின் ஜேசன் இன்று லண்டன் அறிவியல் அருங்காட்சியகத்தில் தொங்குகிறது. அதைப் பார்க்க எனக்கு எப்போது வாய்க்குமோ தெரியாது. அடுத்த விடுமுறையில் ஊருக்குப் போகும் நண்பர்கள் ஜான்சியில் வண்டி நிற்கும் சில நிமிடங்களில், தேநீர் வாங்க இறங்கும்போது ஒரு கணம் வானை நோக்குங்கள். இறங்கியதில் சிதைந்த இறக்கையைச் சீர்செய்துகொண்டு மறுநாளே எழுந்து போன ஒரு பெண்ணை நினைத்துக்கொள்ளுங்கள்.